நூற்றில் மூன்றரை

நேயர் ஒருவர் தம் மூத்த பெண்ணின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பிரதி எடுத்து நமக்கு அனுப்பியிருக்கிறார். பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. முகம் வெளிறியிருக்கிறதென்று மூன்று வருஷங்களாக இரும்புச் சத்து மாத்திரையும் முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமுமாகக் கொடுத்து வந்தார்களாம். ஹீமோகுளோபின் 10.5-ஐ விட்டு மேலே நகருவதாக இல்லை. கடைசியில் ஒரு வைத்தியர், "இரும்பு கொடுத்தது போதும். ஹீமோகுளோபினை வகை பிரித்துப் பார்த்து வாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். வந்த தாளில் 'ஏ-2' என்ற வரிக்கு நேரே 5.2 என்று போட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இட்டிருக்கிறது. அடியில் 'பீட்டா தலசீமியா மைனர்' என்று ஒரு குறிப்பு. அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்கிறார் நேயர். "இது வியாதியா? வரன் பார்க்கும் சமயத்தில் இதை வெளியில் சொல்லலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

நாம் வைத்தியர் அல்லோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரஸாயனம் சொல்லிக் கொடுத்து ஜீவனம் செய்து வருகிறோம். ஆனால் இந்தத் தாள் பாதி ரஸாயனமே ஆகையால், பதில் எழுதத் துணிகிறோம். முதற் கேள்விக்கு விடை, வியாதி அல்ல என்பது. இரண்டாவது கேள்விக்கு விடை, சொல்லத்தான் வேண்டும் என்பது. ஆயினும் இப்படி இரண்டு வரியில் முடித்துவிட்டால் அந்த வீட்டாருக்கு எப்படிச் சோறு இறங்கும்? அந்த 5.2 எங்கிருந்து வந்தது என்று விளங்கினால்தான் பயம் தெளியும்.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின் என்பதும், அது நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு உடம்பெங்கும் கொண்டுபோய் இறக்குகிறது என்பதும் எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அது ஒரே சரக்கல்ல, ஒரு குடும்பத்தின் பெயர் என்பது பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. நாலு கால் பந்தல் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலும் ஒரு புரதச் சங்கிலி. ஒவ்வொரு காலிலும் இரும்பணு பொதிந்த முடிச்சு ஒன்று உண்டு; பிராணவாயு வந்து உட்காரும் இடம் அதுதான். நாலில் இரண்டு கால்கள் எப்போதும் ஆல்ஃபா என்ற ஒரே இனம். மற்ற இரண்டு பீட்டாவாக இருந்தால் அந்தப் பந்தலுக்கு ஏ என்று பெயர். டெல்டாவாக இருந்தால் ஏ-2. காமாவாக இருந்தால் எஃப். வளர்ந்த மனிதரின் ரத்தத்தில் நூற்றுக்கு 96 அல்லது 97 பங்கு ஏ. ஏ-2 இரண்டிலிருந்து மூன்று பங்கு. எஃப் ஒரு பங்குக்கும் குறைவு.

கருவிலிருக்கும் சிசுவின் கணக்கோ தலைகீழ். அதற்கு மூச்சு விட வழியில்லை. தாயின் ரத்தத்திலிருந்தே பிராணவாயுவை இழுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே தாயினுடையதைவிடப் பிடிப்பு மிகுந்த எஃப் அதற்கு வேண்டியிருக்கிறது. பிறக்கும்போது பெரும்பகுதி எஃப்தான். பிறகு மாதத்துக்கு மாதம் காமாக் கால்கள் கழன்று பீட்டாக் கால்கள் ஊன்றப்படுகின்றன. முதல் வருஷ முடிவில் இந்த மாற்றம் ஏறக்குறையப் பூர்த்தியாகிவிடுகிறது. தலசீமியா முற்றிய குழந்தை பிறந்த சில மாதங்கள் வரை கொழுகொழுவென்றிருந்துவிட்டு, அதற்குப் பின் வெளிற ஆரம்பிப்பதன் ரகஸ்யம் இதுவே. காமாக் கால்கள் போய்விட்டன; ஊன்றுவதற்குப் பீட்டாக் கால்கள் இல்லை.

இந்த வகைகளைப் பிரித்தறிந்த கதை மிக ரஸமானது. 1866-இல் கோர்பர் என்பவர் கவனித்த விஷயம் எந்தப் பள்ளிக்கூட ஆசிரியருக்கும் பிடிக்கும். பெரியவர்களின் ரத்தத்தில் காரத்தைச் சேர்த்தால் சீக்கிரத்திலேயே சிவப்புப் போய்ப் பழுப்பாகிவிடுகிறது. பிறந்த சிசுவின் ரத்தத்திலோ சிவப்பு நெடுநேரம் நிற்கிறது. இரண்டும் வேறு வேறு வஸ்துக்கள் என்பதற்கு ஒரு சோதனைக் குழாயும் கொஞ்சம் காரமுமே சாக்ஷி சொல்லிவிட்டன!

அதற்கப்புறம் 1910-இல், சிக்காகோ நகரத்து வைத்தியர் ஹெரிக், மேற்கிந்தியத் தீவிலிருந்து பல் வைத்தியம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்கள் இருந்ததைப் பிரசுரித்தார். அந்த வளைவுக்குக் காரணம் தெரிய இன்னும் 39 வருஷம் ஆயிற்று. 1949-இல் பாலிங் என்ற அமெரிக்க ரஸாயன நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் அந்த நோயாளிகளின் ஹீமோகுளோபினை மின்சாரம் பாயும் திரவத்தில் இட்டுப் பார்த்தார்கள். சாதாரண ஹீமோகுளோபின் ஒரு வேகத்தில் நகர்ந்தது. இவர்களுடையது வேறு வேகத்தில் நகர்ந்தது. நோயில்லாமல் அதன் சுபாவத்தை மட்டும் சுமப்பவர்களின் ரத்தத்தில் இரண்டும் கலந்திருந்தன. ஒரு வியாதியின் மூலம் ஒரே ஒரு மூலக்கூற்றின் கோளாறுதான் என்று உலகத்தில் முதல் தடவையாக நிரூபணமானது அன்றுதான். ஏழெட்டு வருஷத்துக்குள் கேம்பிரிட்ஜில் இங்க்ராம் என்பவர் கோளாறு இருக்கும் இடத்தையே தொட்டுக் காட்டினார். 146 மணிகள் கோத்த பீட்டா மாலையில் ஆறாவது மணி மாறியிருந்தது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலைன் இருந்தது. முன்னதற்கு மின்னேற்றம் உண்டு, பின்னதற்கு இல்லை. ஆகவேதான் வேகம் மாறிற்று. இந்த ரகத்துக்கு எஸ் என்று பெயர்.

தலசீமியாவின் விஷயம் வேறு. அங்கே மணி மாறுவதில்லை. மாலைகளே போதுமான அளவில் கட்டப்படுவதில்லை. 1925-இல் டெட்ராய்ட் நகரத்தில் கூலி என்ற குழந்தை வைத்தியர் இதை முதலில் விவரித்தார். அவர் கண்ட குழந்தைகள் மத்தியதரைக் கடற்கரை நாட்டாரின் வம்சத்தவர்கள். அதனால் பின்வந்தவர்கள் கிரேக்க பாஷையில் கடலைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு நோய்க்குப் பெயரிட்டார்கள். கடலோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. நம் தேசத்தில் கடலையே காணாத பஞ்சாபிலும் அது ஏராளம்.

கோளாறான ரகம் இருந்தால் மின்சாரம் பிரித்துக் காட்டும். குறைவுதான் கோளாறு என்றால் எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? இங்கேதான் அந்த ஏழை ஏ-2 பிரவேசிக்கிறது. 1955-இல் நியூயார்க்கில் கங்கெல், வலேனியஸ் என்ற இருவர், நாம் வேஷ்டிக்குக் கஞ்சி போடும் மாவுச் சத்தைப் போன்ற ஒன்றைப் பாளமாக வார்த்து, அதன் வழியே ஹீமோகுளோபினை மின்சாரத்தால் நகர்த்தினார்கள். பெரிய பட்டைக்குப் பின்னால் மெலிந்த பட்டை ஒன்று ஊர்ந்து வந்தது. அதுதான் ஏ-2. தலசீமியாவைச் சுமப்பவர்களிடம் அந்த மெலிந்த பட்டை சற்றே தடித்திருக்கிறது என்பது சீக்கிரத்திலேயே விளங்கிற்று. பீட்டாக் கால்கள் குறைந்துவிட்டபடியால், ஜோடி தேடும் ஆல்ஃபாக் கால்கள் டெல்டாவை அதிகமாகப் பற்றிக்கொள்கின்றன. பெரியவன் வீட்டில் பஞ்சம் என்பதைச் சின்னவனின் பங்கு கூடியிருப்பதிலிருந்து ஊகிக்கிறோம். நூற்றுக்கு 3.5-க்கு மேற்பட்டால் சுமப்பவர் என்று பொதுவாகக் கொள்ளுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது நாலுக்கும் ஆறுக்கும் இடையில் நிற்கிறது. நேயரின் பெண்ணுக்கு 5.2.

இக்காலத்தில் மாவுப் பாளம் இல்லை. ரத்தத் துளியைக் கரைத்து, மின்னேற்றமுள்ள நுண்ணிய உருண்டைகள் அடைத்த ஒரு குழாய்க்குள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். ஹீமோகுளோபின் ரகங்கள் அந்த உருண்டைகளில் ஒட்டிக்கொள்ளும். உப்புச் செறிவை வரவரக் கூட்டிக்கொண்டே போனால், பிடிப்புக் குறைந்தது முன்னாலும் மிகுந்தது பின்னாலுமாக ஒவ்வொன்றும் கழன்று வெளியே வரும். எந்த நிமிஷத்தில் எவ்வளவு வந்தது என்று யந்திரம் கோடு வரைகிறது. மலைத் தொடர் போன்ற அந்தப் படத்தில் ஒவ்வொரு சிகரமும் ஒரு ரகம். சிகரத்தின் பரப்பே அதன் பங்கு. சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடும். சர்க்கரை வியாதிக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளும் ஏ-1-சி என்பதும் இதே வகையான பிரிப்பினால் கிடைப்பதுண்டு. அதற்காகப் போனவரின் படத்தில் எதிர்பாராத சிகரம் ஒன்று கிளம்பி, அறுபது வயதில் தம் பரம்பரை ரகஸ்யத்தைத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

யந்திரம் பொய் சொல்லாது. ஆனால் அது சொல்வதைத் தவறாக அர்த்தம் செய்துகொள்ள இடமுண்டு. பள்ளிக்கூடப் பரீக்ஷையில் 35 மார்க் வாங்கியவன் தேறினான், 34 வாங்கியவன் தவறினான் என்கிறோம். ஒரு மார்க்கில் ஒருவன் முட்டாளாகிவிடுகிறானா என்ன? ஏ-2-விலும் 3.4, 3.6 என்று எல்லையில் நிற்பவர்களைப் பற்றி ஒரே தாளைக் கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரும்புச் சத்து மிகவும் குறைந்திருந்தால் ஏ-2 கீழே இறங்கிவிடும். உண்மையில் சுமப்பவரான ஒருவர் அதனால் சாதாரணமானவராகத் தோன்றக்கூடும். நம் தேசத்துப் பெண்களில் இரும்புக் குறைவில்லாதவர்கள் எத்தனை பேர்? ஆகையால் ஃபெரிட்டின் என்ற பரிசோதனையால் இரும்பின் இருப்பைத் தெரிந்துகொண்டு, குறைவைச் சரிப்படுத்தி, மறுபடி பார்ப்பதே சரியான முறை.

இன்னொரு பொறி, பிறர் ரத்தம். அவசரத்துக்கு ரத்தம் ஏற்றிவிட்டுப் பிறகு பரிசோதித்தால், கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். அதுவரை கலப்பு நீங்காது. ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே சில துளிகளை எடுத்து வைத்துவிட்டால் இந்தச் சங்கடமே இல்லை. குழந்தை விஷயத்தில் ஒரு வயதுக்குள் ஏ-2-வை நம்பித் தீர்மானம் செய்யக்கூடாது.

இனி, வங்காளத்திலும் வடகிழக்கு ராஜ்யங்களிலும் அதிகமாகக் காணும் ஈ என்ற ரகம் யந்திரத்தில் ஏ-2-வின் இடத்திலேயே வந்து விழும். ஏ-2 என்ற வரியில் 25, 30 என்று கண்டால் அது ஏ-2 அல்ல, ஈ என்று உணர வேண்டும். பஞ்சாபில் காணும் டி என்ற ரகம், பழைய மின்சார முறையில் கார நீரில் ஓட்டினால் எஸ்-உடன் ஒட்டிக்கொண்டே நகரும். அமில நீரில் ஓட்டினால்தான் பிரியும். ஆல்ஃபாக் கால்களில் குறைவிருந்தாலோ ஏ-2 உயருவதே இல்லை. அதற்கு மரபணுவையே பார்க்க வேண்டும். இதனாலெல்லாம் பரிசோதனைத் தாளோடு சாதாரண ரத்த எண்ணிக்கைத் தாளையும் சேர்த்து வைத்தியரிடம் காட்டுவது அவசியம். அதில் ஒரு நல்ல துப்பு இருக்கிறது. இரும்புக் குறைவிலும் தலசீமியா மைனரிலும் சிவப்பணுக்கள் சிறுத்துத்தான் இருக்கும். ஆனால் முன்னதில் எண்ணிக்கையும் குறையும். பின்னதில் அணுக்கள் சிறியவையாயினும் எண்ணிக்கை தாராளமாக இருக்கும். நேயரின் வீட்டில் மூன்று வருஷம் மாத்திரை கொடுப்பதற்கு முன் யாராவது இதைக் கவனித்திருக்கலாம். இரும்பு குறைவாயில்லாதவருக்கு இரும்பை ஊட்டி லாபமில்லை.

சுமப்பவர் ஓடலாம், ஆடலாம், படிக்கலாம், பிள்ளை பெறலாம். ஆயுளுக்கு ஒரு குறையும் இல்லை. இலேசான சோகை ஒன்றே அடையாளம். அவர் சுமக்காத ஒருவரை மணந்தால், குழந்தைகளில் சிலர் தாமும் சுமப்பவராகலாம், அவ்வளவே. சுமக்கும் இருவர் தம்பதிகளானால்தான் விபரீதம். அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு, இரு பக்கத்துக் குறையும் ஒரே சிசுவில் சேர்வதற்கு இடமுண்டு. முதற் குழந்தை நோயோடு பிறந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. தாயக்கட்டைக்கு முன் விழுந்தது ஞாபகமிராது. ஒருவர் தலசீமியாவும் மற்றவர் எஸ் அல்லது ஈ ரகமும் சுமந்தாலும் நோயுள்ள குழந்தை பிறக்கலாம்.

அப்படிப் பிறந்த குழந்தைக்கு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுவதும். ஏற்றும் ரத்தத்திலுள்ள இரும்பு வெளியேற வழியில்லாமல் இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதைக் கரைத்தெடுக்கத் தினந்தோறும் மருந்து வேண்டும். உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் மாற்று சிகிச்சையால் நோயைத் தீர்க்க முடியும். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1986-லிருந்து மஜ்ஜை மாற்றும் சிகிச்சை நடந்து வருகிறது. ஆயினும் பொருத்தமான மஜ்ஜையும் பணமும் ஒருங்கே கிடைக்கும் குடும்பங்கள் சில. மற்றவர்கள் மாதாமாதம் ரத்த வங்கி வாசலில் நிற்கிறார்கள். பத்துப் பொருத்தம் பார்த்துச் செய்த கலியாணத்தில் இந்த ஒரு பொருத்தத்தைப் பார்த்திருந்தால், கர்ப்பம் தரித்த மூன்றாம் மாதத்திலேயே சிசுவைப் பரீக்ஷித்து நிலைமையைத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

நேயர் வரன் வீட்டாரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்றால் இதனால்தான். சொல்லிவிட்டுப் பையனின் ரத்தத்தையும் பார்க்கச் சொல்லட்டும். பெண்ணுக்குத் தோஷம் என்று யாரேனும் வாயைத் திறந்தால், அவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டலாம். இந்தச் சுபாவம் ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. இருவரும் சுமந்தாலொழியக் குழந்தைக்கு இந்த நோய் இல்லை. ஆகையால் குற்றத்தைப் பெண் தலையில் மட்டும் கட்டுவதற்கு இதில் அணுவளவும் ஆதாரமில்லை. மேலும், பெண்ணுக்கு இது வானத்திலிருந்து விழவில்லை. நேயரோ அவருடைய மனைவியோ இருவரில் ஒருவர் இதே சுபாவத்தை ஐம்பது வருஷமாகச் சுமந்துகொண்டு, குடும்பம் நடத்தி, இன்று பெண்ணுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே பெரும்பாலும் உண்மையாயிருக்கும். பெண்ணின் தம்பி தங்கைகளுக்கும் ஆளுக்குப் பாதிக்குப் பாதி இடமுண்டு. அவர்களையும் பார்த்துவிடுவது நல்லது.

ஸைப்ரஸ் என்ற சிறு தீவில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் தலசீமியாவைச் சுமப்பவர். 1970-களில் அங்கே பரிசோதனை இயக்கம் ஆரம்பமாயிற்று. பிற்பாடு மாதா கோவிலாரே, விவாகத்துக்கு வரும் ஜோடிகள் ரத்தம் பார்த்ததற்கு அத்தாக்ஷி கொண்டுவர வேண்டுமென்று விதித்தார்கள். முடிவு என்னவாயிருந்தாலும் கலியாணத்துக்குத் தடை சொல்லவில்லை. தெரிந்துகொண்டிருந்தால் போதும் என்றார்கள். இருவரும் சுமப்பவர் என்று தெரிந்தும் பெரும்பாலான ஜோடிகள் பிரியவில்லை. மணந்துகொண்டு, கர்ப்ப காலத்தில் பரீக்ஷை செய்து, தங்கள் மனச்சாக்ஷிப்படி தீர்மானித்துக்கொண்டார்கள். வருஷந்தோறும் நோயோடு பிறந்துகொண்டிருந்த குழந்தைகளின் தொகை ஏறக்குறையப் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது.

நம் தேசத்தில் நூற்றுக்கு மூன்று நாலு பேர் பீட்டா தலசீமியாவைச் சுமப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். சிந்திகள், பஞ்சாபிகள், குஜராத்திகளில் சில வகுப்பார், வங்காளிகள் ஆகியோரிடையே இன்னும் அதிகம். அரிவாளணு விஷயத்தில் நமக்கு நெருங்கிய சம்பந்தமுண்டு. இந்தியாவில் அது இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் வெளியிட்டது நம் நீலகிரியின் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பார்த்துத்தான். அதே வருஷத்தில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் கண்டார்கள். மலேரியா மிகுந்த பிரதேசங்களில் இந்தச் சுபாவங்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம், சுமப்பவரை மலேரியா அவ்வளவாகக் கொல்லுவதில்லை என்பதே. தலசீமியாவைப் பற்றி இந்த ஊகத்தை 1940-களின் கடைசியில் எடுத்துச் சொன்னவர் ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியப் பிரஜையாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானவர் அவரேதான். அரிவாளணு நோயை 2047-க்குள் ஒழிப்பதென்று ஸர்க்கார் 2023-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஓர் இயக்கம் தொடங்கி, பழங்குடி ஜில்லாக்களில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதாகத் திட்டமிட்டது.

கோடிக் கணக்கான பேருக்கு யந்திரம் கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். தலசீமியாவுக்கு முதற் சல்லடையாக மிகச் சல்லிசான ஒரு முறை இருக்கிறது. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் 0.9 சதவிகிதம், அதைவிட வெகுவாக நீர்த்த 0.36 சதவிகித உப்பு நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஒரு துளி ரத்தத்தை விடுகிறார்கள். சாதாரண அணுக்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். அரை மணிக்குள் திரவம் தெளிந்த சிவப்பாகும். தலசீமியா அணுக்கள் இலேசில் வெடிக்கமாட்டா; திரவம் கலங்கியே நிற்கும். குழாய்க்குப் பின்னால் வெள்ளைக் காகிதத்தில் கறுப்புக் கோடு ஒன்றை வரைந்து பிடித்தால், கோடு தெளிவாகத் தெரிகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இரும்புக் குறைவுள்ளவர்களுக்கும் சில சமயம் கோடு மறையும். ஆகையால் கோடு தெரியாதவர்களை மட்டும் பொறுக்கி யந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். நமது எண்ணத்தில் இதற்கு ஏற்ற இடம் கல்லூரியின் முதல் வருஷம். வரன் தேடும் அவசரம் அப்போது இராது. பையன்களும் பெண்களும் சரிசமமாக வரிசையில் நிற்பார்கள். இரும்புச் சத்து சரியாயிருக்கும்போது முறைப்படி செய்த பரிசோதனை ஆயுளில் ஒரு தடவை போதும். அந்தத் தாளைப் பிறந்த தேதிச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.